புதுக் காரும் உத்தரவாதப் பத்திரமும்



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கும்போது நாம் பெறுவது அந்தப் பொருள் மட்டும் அன்று; அதனுடன் விற்பவரின் வாக்கு ஒன்றையும் சேர்த்தே பெறுகிறோம். துணிக்கடைக்காரர் "சாயம் போகாது" என்கிறார். பம்பு செட்டு விற்பவர் "ஓராண்டுக்குப் பயமில்லை" என்கிறார். மோட்டார் கார் செய்யும் கம்பெனியோ அந்த வாக்கை வாய்மொழியாக விடாமல், சிறு புத்தகமாக அச்சடித்துச் சாவியோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குள், அல்லது இத்தனை கிலோமீட்டர் ஓடுவதற்குள், மூலப்பொருளில் இருந்த குறையினாலோ செய்நேர்த்திக் குறையினாலோ ஓர் உறுப்புப் பழுதுபட்டால் அதைச் செலவின்றிச் சீர் செய்து தருகிறோம் என்பதே அந்தப் புத்தகத்தின் சாரம். அதைத்தான் நாம் உத்தரவாதம் என்றும், வழக்கில் வாரண்டி என்றும் சொல்கிறோம். அந்த வாக்கு எப்போது நிற்கும், எப்போது நில்லாமற் போகும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது கோவை ஆர்.எஸ்.புரத்தில். நகரசபைத் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. மாலை வேளையில் டி.பி. ரோட்டில் நடந்து சென்றால், மாலை சூட்டி, சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட புதுக் கார் ஒன்றையேனும் காணலாம். பெரும்பாலும் அது ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேர்த்த பணத்தின் உருவம். பாக்கித் தொகையை மாதத் தவணையாக இன்னும் பல ஆண்டுகள் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் மாலையின் பூ வாடுவதற்குள்ளாகவே, அந்த வீட்டு இளைஞர் காரை வேறொரு கடைக்கு ஓட்டிச் செல்கிறார். பிரகாசமான விளக்குகள், உரத்த ஹாரன், அகன்ற சக்கரங்கள், முன்புறம் இரும்புக் கம்பித் தடுப்பு என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. சில மாதங்களுக்குப் பின் ஏதோ ஒரு கோளாறு தோன்றி, கம்பெனியின் பட்டறைக்குச் சென்றால், "வெளியே கை வைத்துவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்று பதில் வருகிறது. இந்தப் பதில் நியாயமானதா? சில வேளைகளில் நியாயமானது; சில வேளைகளில் இல்லை. எங்கே எல்லைக்கோடு விழுகிறது என்பதை அறிந்துகொள்வது, கார் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டுமல்லாமல், ஒப்பந்தம் என்றால் என்ன என்று படிக்கின்ற ஒவ்வொரு மாணவருக்கும் பயன் தரும்.

இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசை கொங்கு நாட்டாருக்குப் புதியது அன்று. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, இயந்திரங்களைத் தம் கையாலேயே பிரித்தும் திருத்தியும் பழகியவர். அவர் பெயரால் அமைந்த கார்க் காட்சிக்கூடம் அவிநாசி ரோட்டில் இருக்கிறது. மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களைச் செய்து, ஓர் இளைய தலைமுறையையே ஓட்டப் பழக்கியவர் கரிவர்தன். செட்டிபாளையத்திலுள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லேத்தும் வார்ப்படமும் மோட்டாரும் மலிந்த இந்த ஊரில், "இதைக் கொஞ்சம் மாற்றினால் என்ன?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தக் கேள்வியை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பந்தயக் காரைத் திருத்துகிறவர் எவரிடமும் உத்தரவாதம் கேட்பதில்லை. எஞ்சின் வெடித்தால் அது அவருடைய கணக்கு. சாலையில் ஓடும் குடும்பக் காரில் அப்படியல்ல. அங்கே மாற்றுகிறவர் ஒருவர், வாக்குக் கொடுத்தவர் மற்றொருவர். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் உத்தரவாதம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று தெளிவு செய்துகொள்வோம். பிரேக் கட்டைகள், கிளட்ச் தட்டு, வைப்பர் ரப்பர், வடிகட்டிகள் ஆகியவை உபயோகத்தால் தேய்வன; அவை சாதாரணமாக உத்தரவாதத்தில் அடங்கா. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகளே பெரும்பாலும் தனியாகப் பொறுப்பேற்கின்றன. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றாமலும் பராமரிக்காமலும் விட்டதனால் வந்த கேடும் சேராது. எஞ்சியிருப்பது உற்பத்திக் குறை ஒன்றே. ஆகவே கோளாறு தோன்றியதும் எழும் அடிப்படை வினா இதுதான்: இந்தப் பழுது தொழிற்சாலையிலிருந்து வந்ததா, அல்லது பின்னர் வந்து சேர்ந்ததா? வெளியே செய்த மாற்றம் இந்த வினாவுக்குள்தான் நுழைகிறது.

மாற்றங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. அவற்றை நான் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் வகை, வண்டியின் இயக்கத்தைத் தொடாத அலங்காரம். கால்மிதி, கதவோரப் பட்டை போன்றவை இவ்வகையின. இவற்றால் உத்தரவாதத்துக்கு ஊறு நேர இடமில்லை. இரண்டாம் வகை, வண்டியின் ஏதேனும் ஒரு மண்டலத்தோடு இணைவன. விளக்கு, ஹாரன், ஒலிபெருக்கி, காமிரா, சக்கரம் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாம் வகை, வண்டியின் உயிர்நாடியையே மாற்றுவன. எஞ்சினை ஆளும் கணினியின் கணக்கை மாற்றி எழுதுதல், எரிவாயுக் கருவி பொருத்துதல், ஸ்பிரிங்கைக் குறைத்தல் என்பன அவை. வகை ஏற ஏற, உத்தரவாதம் ஆட்டம் காண்கிறது.

இரண்டாம் வகைக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். நீங்கள் பள்ளியில் படித்த பௌதிகமே போதும். சாதாரண ஹாலஜன் முகப்பு விளக்கு 60 வாட். இரண்டு விளக்குகளுக்கும் 120 வாட். பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட் என்று கொண்டால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் 10 ஆம்பியர். இந்த விளக்குகளைக் கழற்றிவிட்டு 100 வாட் விளக்குகளை மாட்டினால் மொத்தம் 200 வாட். மின்னோட்டம் ஏறத்தாழ 16.7 ஆம்பியர். மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தானே உயர்ந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. கம்பியின் பருமனும், அதன் மேலுறையும், சுவிட்சும் பழைய அளவுக்காகச் செய்யப்பட்டவை. உறை மெல்ல மெல்ல உருகி ஒரு நாள் கம்பிகள் ஒட்டிக்கொண்டால், அதை உற்பத்திக் குறை என்று எவரும் சொல்ல முடியாது. இடையில் கம்பியைச் சீவி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அந்தச் சுற்றே கம்பெனிக்குச் சாட்சி ஆகிவிடும்.

சக்கரத்துக்கும் கணக்கு உண்டு. டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம் 14 அங்குலம் என்று பொருள். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 195/55 ஆர் 16 மாட்டினால், வளையம் பெரிதானாலும் முழு விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர்தான், வேகமானி பிசகாது. ஆனால் 205/65 ஆர் 15 மாட்டினால் விட்டம் 647 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. வேகமானி 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 104½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரம் வெளிப்புறம் தள்ளி நின்றால் அச்சின் பேரிங் மீது விழும் பாரமும் மாறும். பேரிங் தேய்ந்து இரைச்சலிட்டால், சக்கரத்தைச் சுட்டிக் காட்டி மறுப்பதற்குக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இன்றைய எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில், எவ்வளவு காற்றோடு செல்ல வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. அதன் கணக்கை மாற்றினால் இழுவிசை கூடும். கூடவே பிஸ்டன், டர்போ, கிளட்ச், கியர் ஆகிய எல்லாவற்றின் மேலும் பாரம் கூடும். பழைய கணக்கைத் திரும்ப எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சிலர் எண்ணுவர். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பதிந்து வைக்கும் கணினிகளும் உண்டு என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நியாயத்தின் பக்கம் வருவோம். எங்கள் தெருவில் ஒரு நண்பர் புதுக் காரில் வெளிக்கடையில் ஒலிபெருக்கியும் பின்புறக் காமிராவும் பொருத்தினார். சில மாதங்கள் கழித்து கியர்பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தது. பட்டறையில் கதவோரக் கம்பி இணைப்பைக் கண்டவர்கள், உத்தரவாதம் முழுவதுமே போய்விட்டது என்றார்கள். நண்பர் சினம் கொள்ளவில்லை. "ஒலிபெருக்கியின் கம்பி கியர்பெட்டியின் எண்ணெய் அடைப்பை எவ்வாறு கெடுத்தது என்பதை எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்தார். எழுத்தில் அந்த விடை வரவில்லை. பதினைந்து நாளில் கியர்பெட்டியைச் செலவின்றிச் சரி செய்து கொடுத்தார்கள். மின்கம்பிகளுக்கு மட்டும் இனிப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் இதுவே நியாயமான முடிவு என்பது என் கருத்து.

ஏனெனில், இந்த விஷயத்தில் உயிரான தத்துவம் காரண காரியத் தொடர்பு ஒன்றே. மாற்றம் காரணமாக, பழுது காரியமாக, இரண்டுக்கும் இடையே தொடர்பு இருந்தால் கம்பெனி மறுக்கலாம். தொடர்பு இல்லையெனில் ஒரு மூலையில் செய்த மாற்றத்தைக் காட்டி மறு மூலையில் உள்ள குறைக்குப் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது முறையன்று.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. வெளிச்சந்தையில் உதிரிப் பாகங்கள் கிடைக்காதபடி கார்க் கம்பெனிகள் தடுப்பதாக ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரை, இந்தியப் போட்டி ஆணையம் 2011-ஆம் ஆண்டு வழக்காக எடுத்துக்கொண்டது. விசாரணை பல கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. மாருதி, டாட்டா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட 14 கம்பெனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைவிட முக்கியமானது அதில் வந்த ஓர் உத்தரவு. சுயேச்சையான பட்டறையில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்தாகும் என்ற பொது நிபந்தனையை விதிக்கக் கூடாது. வெளியே நடந்த தவறான வேலையினால் எந்த அளவு சேதம் விளைந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கலாம் என்பது அதன் கருத்து. மேல்முறையீடு செய்த மூன்று கம்பெனிகளின் வழக்கில், 2016-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அடிப்படை முடிவை ஏற்று, அபராதத்தைக் கணக்கிடும் முறையை மட்டும் மாற்றிக் குறைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த உத்தரவு பேசுவது வெளியே செய்த பழுது பார்ப்பைப் பற்றி. வண்டியின் அமைப்பையே மாற்றுவதைப் பற்றி அன்று. எனினும் "சேதம் எந்த அளவோ அந்த அளவு" என்ற அளவுகோல் இரண்டுக்கும் பொருந்தும் என்று வாதாட அது நல்ல துணை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டிலேயே மாக்னுசன்-மாஸ் என்னும் உத்தரவாதச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் கம்பெனிப் பாகத்தையே வாங்கினால்தான் உத்தரவாதம் நிற்கும் என்று நிபந்தனை போடுவதை, அப்பாகத்தை இலவசமாகத் தந்தாலன்றி, அது பொதுவாகத் தடை செய்கிறது.

ஆனால் சட்டம் எப்போதும் வாங்கியவர் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறக் கம்பித் தடுப்பு கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகவே காரின் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரும்புத் தடுப்பு அந்த அதிர்ச்சியை நேரே வண்டியின் சட்டத்துக்குக் கடத்திவிடுகிறது. காற்றுப்பை விரிய வேண்டிய கணத்தையும் குழப்பக்கூடும். இருக்கையின் பக்கத்திலிருந்து விரியும் காற்றுப்பை உள்ள வண்டிக்குத் தடித்த உறை தைத்துப் போட்டால், பை கிழித்துக்கொண்டு வெளிவர வழியிராது. அங்கே இழப்பது உத்தரவாதத்தை மட்டும் அன்று, உயிரையும்தான்.

மேலும், உத்தரவாதப் பத்திரம் வேறு, காப்புறுதிப் பத்திரம் வேறு, பதிவுச் சான்று வேறு. ஒரே மாற்றம் மூன்றையும் மூன்று விதமாகத் தாக்கலாம். எரிவாயுக் கருவி பொருத்தினால், அங்கீகாரம் பெற்ற கருவியாக இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றில் அதைக் குறிக்கச் செய்ய வேண்டும். காப்புறுதிக் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் எஞ்சினுக்கான உத்தரவாதம் போகக்கூடும். ஒரு வாசலில் கிடைத்த அனுமதி மற்ற வாசல்களைத் திறந்துவிடாது.

அப்படியானால் என்ன செய்வது? முதலாவதாக, உத்தரவாதப் புத்தகத்தை முழுவதும் படியுங்கள். வீட்டில் கார் வாங்கும்போது அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, எதையேனும் பொருத்த விரும்பினால், "இதனால் எந்த உறுப்பின் உத்தரவாதம் பாதிக்கப்படும்?" என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மூன்றாவதாக, கம்பியை வெட்டாமல், தனி ரிலேயும் தனி ஃபியூஸும் கொண்டு, வண்டியின் இணைப்பிலேயே செருகும் வகையையே தேர்ந்தெடுங்கள். நான்காவதாக, பில்லையும் கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

உத்தரவாதம் மறுக்கப்பட்டால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேளுங்கள்: பழுதான உறுப்பு எது? குறை சொல்லப்படும் மாற்றம் எது? இது அதை எவ்வாறு கெடுத்தது? விடை திருப்தி தராவிட்டால் கம்பெனியின் தலைமையிடத்துக்கு எழுதுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதற்கு மேல், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். குறை உண்மையா என்பதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறியும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆகவே பழுதான பாகத்தை அவசரப்பட்டு வெளியே பிரித்துவிடாதீர்கள். அதுதான் உங்களுடைய முதற் சாட்சி.

நண்பர்களே, நான் மாற்றத்துக்குப் பகைவன் அல்லன். இந்த ஊர் வளர்ந்ததே, இருப்பதைப் பிரித்துப் பார்த்து வேறொன்றைச் செய்யத் துணிந்தவர்களால்தான். ஆனால் அவர்கள் அளந்து பார்த்த பிறகே கை வைத்தார்கள். வைத்த கைக்குப் பொறுப்பும் ஏற்றார்கள். கம்பெனி தன் வாக்குக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், நம்முடைய பங்குக்கு, எதை மாற்றினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லும் நேர்மையைக் கொண்டிருக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தால், உத்தரவாதப் பத்திரம் வெறும் காகிதமாக இராது.